எந்த வாளி, ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் வெள்ளவத்தையில் இருந்து ஒருவர் கடுங்கோபத்தோடு எழுதியிருந்தார். கள்ளனுக்கும் கொலைகாரனுக்கும் வக்காலத்து வாங்குகிற சட்டத்தரணிகளை முதலில் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் வீட்டில் கள்ளன் புகுந்து தாலிக்கொடியைக் கொண்டு போயிருக்கிறான். பிடிபட்டவன் பிணையில் வந்து அதே ஒழுங்கையால் நடந்து திரிகிறானாம். யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தப் பக்கத்தைத் திருப்பினால், மறுபுறத்தில் ஒரு செய்திக்கு நீங்கள் போட்ட தலைப்பு: "கொள்ளையன் கைது". பிடித்த அன்றைக்கே கொள்ளையன். நீதவான் அந்த ஆளின் முகத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை. அவருடைய கடிதத்துக்கும் உங்கள் தலைப்புக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சட்டத்தரணி அல்ல. 31 வருடம் கொழும்பில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். பழைய ஆட்கள் எங்களை "முதலியார்" என்று கூப்பிடுவார்கள். சம்பளத்தைப் பார்த்தால் அந்தப் பட்டத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. கொழும்பு நீதிமன்றங்களின் பதிவுமொழி சிங்களம். அந்த மொழி விளங்காத தரப்பினருக்கு அரசாங்கமே உரைபெயர்ப்பு கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை சொல்கிறது. அந்த உறுப்புரைக்குக் கையும் காலும் முளைத்தது போல நான் கூண்டுக்கும் நீதவானின் ஆசனத்துக்கும் நடுவில் நின்றேன். நான் சொந்தமாக ஒரு சொல்லும் பேசக்கூடாது. அவன் சொன்னதை இங்கே, இவர் சொன்னதை அங்கே, கூட்டாமல் குறைக்காமல்.

எங்கள் நீதிமன்றத் தமிழில் ஒரு சோடிச் சொல் இருக்கிறது. குற்றச்சாட்டை வாசித்து முடித்ததும் கேட்பது: "நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?" சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர். சுத்தவாளி என்று எழுதுவாரும் உண்டு. சட்டப் புத்தகத்திலும் நீதிமன்றத்திலும் புழங்குகிற சொல்தான். சந்தையில், பஸ்ஸில், கோயில் வீதியில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். கூண்டில் கால் நடுங்க நிற்கிறவனின் காதில் இரண்டும் ஒன்று போலத்தான் விழும்.

2003 ஆம் ஆண்டளவில் ஒரு பொடியன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து வந்து புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்குகிற நாட்டாமை வேலைக்குச் சேர்ந்து நாலு நாள். பத்தொன்பது வயது. சிங்களம் நாலைந்து சொல் பேசுவான், வாசிக்க வராது. குற்றச்சாட்டு: இரண்டு மூட்டை செத்தல் மிளகாய் திருடியது. பொலிஸ் நிலையத்தில் ஒரு இரவு வைத்திருந்து அடுத்த நாள் கொண்டுவந்தார்கள். நீதவான் முகம் நிமிர்த்தாமல் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: "குற்றவாளியா, சுற்றவாளியா?"

பொடியன் என்னைப் பார்த்தான். "எந்த வாளிங்க ஐயா?"

பின்வாங்கில் இருந்த ஒன்றிரண்டு தமிழர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. திரும்பவும் கேட்டேன், விளங்குகிற மாதிரி: "குற்றத்தை ஒத்துக்கொள்கிறீரா, இல்லையா?" அவன் சொன்னான்: "நாந்தாங்க தூக்கிட்டுப் போனேன். ஒத்துக்கிட்டா தண்டம் கட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்னு சொன்னாங்க."

இந்த இடத்தில் உரைபெயர்ப்பாளனின் நாக்கு கத்தியில் நடக்கிற மாதிரி. "ஒத்துக்கொள்கிறார்" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அன்றைக்கு அறுபது வழக்குக்கு மேல் பட்டியலில் இருந்தது. அப்படி முடித்திருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. நான் அவன் சொன்னதைச் சொன்னபடியே சிங்களத்தில் சொன்னேன், அந்த "சொன்னாங்க" உட்பட. நீதவானின் பேனை நின்றது. பொலிஸ் சார்ஜண்ட் என்னை முறைத்தார்.

அப்போது சட்டத்தரணிகள் மேசையில் இருந்து ஒரு இளம் பெண் சட்டத்தரணி எழுந்தார். வேறு வழக்குக்காகக் காத்திருந்தவர். "இந்த எதிரிக்காக நான் ஆஜராகிறேன், ஐந்து நிமிடம் தாருங்கள்" என்றார். குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் எதிரி என்றுதான் சொல்வது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் பொடியனை நிறுத்தி, என்னையும் கூப்பிட்டு, அவர் கேட்ட முதல் கேள்வியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "திருடினாயா?" என்று அவர் கேட்கவில்லை. "எதைப் பார்த்து அந்த மூட்டையை எடுத்தாய்?" என்று கேட்டார்.

நீல நூலைப் பார்த்து. முதலாளி சொல்லிவிட்டது அது: வாய் நீல நூலால் தைத்த மூட்டை இரண்டை வண்டியில் ஏற்று. பக்கத்துக் கடைக்கும் அதே லொறியில் சரக்கு வந்திருந்தது. இரண்டு கடையின் மூட்டையும் நடைபாதையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடந்தது. எல்லாவற்றிலும் நீல நூல். மூட்டையில் எழுதியிருந்த கடைப் பெயர் சிங்களத்தில். இவன் மேலே கிடந்த இரண்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, "பாரம், பாரம்" என்று கத்திக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போயிருக்கிறான்.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டினது. வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போனது, இடையிடையே ஒட்டுப் போட்டு இன்றைக்கும் ஓடுகிறது. அதன் 366 ஆவது பிரிவு திருட்டு என்றால் என்ன என்று சொல்கிறது. இன்னொருவரின் வசத்தில் இருக்கிற பொருளை அவர் சம்மதமில்லாமல் எடுத்தால் மட்டும் அது திருட்டு ஆகிவிடாது. நேர்மையீனமான எண்ணத்தோடு எடுக்க வேண்டும். கை செய்ததையும் மனம் நினைத்ததையும் பொலிஸ் தரப்பு தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். பொடியன் "தூக்கிட்டுப் போனேன்" என்றது கை செய்த வேலை. மனதைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவே இல்லை, அந்த அம்மையார் வரும்வரை. 72 ஆவது பிரிவும் இருக்கிறது: நடந்த விஷயத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டு நல்லெண்ணத்தோடு செய்தால் அது குற்றமாகாது. ஆனால் "இது சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியாது" என்றால் அந்தப் பிரிவு உதவாது. மூட்டையைப் பற்றித் தவறலாம், சட்டத்தைப் பற்றித் தவறக்கூடாது. படித்தவர்களே இதைக் குழப்பிக்கொள்வார்கள்.

திரும்பி வந்து பொடியன் சொன்னான், சட்டத்தரணி சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொரு எழுத்தாக: "சுற்றவாளி." காசு கட்டாமல் ஆள் பொறுப்பில் விடுகிற சரீரப் பிணையில் விட்டார்கள். மூன்று தவணை, அதாவது மூன்று தரம் வழக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி சாட்சிக்கு வந்து நீல நூலைச் சொன்னார். குறுக்கு விசாரணையில், இரண்டு கடை மூட்டையும் கலந்துதான் கிடந்தது என்று முறைப்பாட்டுக்காரரே ஒத்துக்கொண்டார். விடுதலை. பொடியன் அந்த அம்மையாருக்கு ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நாலாக மடித்து நீட்டினான். அவர் நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். "காசு வாங்காமல் செய்தேன் என்று இருக்கக்கூடாது, பிறகு நீ எனக்குக் கடன்காரன் ஆகிவிடுவாய்" என்றார். அந்தக் கதை இத்தோடு முடியவில்லை. கடைசியில் வருகிறேன்.

வெள்ளவத்தை வாசகர் கேட்பது வேறு கேள்வி என்று எனக்குத் தெரியும். இது அப்பாவி. உண்மையாகவே செய்தவனுக்கு ஏன் ஆஜராக வேண்டும்?

எங்கள் காலத்தில் பெயர்பெற்ற பழைய அப்புக்காத்து ஒருவர் இருந்தார். அப்புக்காத்து (அட்வகேட்), பிறக்கிராசி (புரொக்டர்) என்று வழக்கறிஞர்களுக்குள் இருந்த பிரிவெல்லாம் 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தோடு போய் எல்லோரும் சட்டத்தரணிகள் ஆகிவிட்டார்கள், ஆனாலும் அவரை நாங்கள் அப்புக்காத்து ஐயா என்றுதான் சொல்வோம். ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் வைத்து இதே கேள்வியை நான் கேட்டேன். அவர் சொன்னது: "உண்மை எனக்குத் தெரியாது முதலியார். தெரிஞ்சிருந்தால் நான் சாட்சிக்கூண்டில நிக்க வேணும், மேசையில இருக்கக்கூடாது."

சரி, கட்சிக்காரனே வந்து "நான்தான் செய்தேன்" என்று சொல்லிவிட்டால்? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அப்படிச் சொன்னவனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிப் பொய் சொல்ல வைக்க முடியாது. செய்தது வேறொருவன் என்று ஒரு கதை கட்ட முடியாது. நீதிமன்றத்தை ஏமாற்றுவது சட்டத்தரணிக்குத் தடை. ஆனால் பொலிஸ் தரப்பைப் பார்த்து, "நிரூபியுங்கள்" என்று சொல்லலாம். சாட்சி இருட்டில் எவ்வளவு தூரத்தில் நின்றார், எந்த வெளிச்சத்தில் பார்த்தார் என்று கேட்கலாம். கட்சிக்காரன் காதோடு சொன்னதை வெளியில் சொல்ல முடியாது. எதைச் சாட்சியமாக எடுக்கலாம் என்று சொல்கிற சான்றுக் கட்டளைச் சட்டம் அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. கட்டணம் கொடுத்துக் கேட்டால் நினைத்தபடி மறுக்கவும் முடியாது. 1988 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் ஆக்கிய சட்டத்தரணிகள் ஒழுக்க விதிகளில் அது இருக்கிறது. "இவன் மூஞ்சியைப் பார்த்தாலே கள்ளன் மாதிரி இருக்கு" என்பது மறுப்பதற்குக் காரணம் ஆகாது.

யாழ்ப்பாணத்தாருக்கு நினைவிருக்கும். 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியின் கொலை. ஊரே கொதித்தது, கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொதிப்பில் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டிடத்துக்கும் கல் விழுந்தது. எதிரிகளுக்காக எவரும் ஆஜராகக்கூடாது என்ற குரல் பலமாகக் கேட்டது. 2017 செப்டெம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது எதிரிகளில் ஏழு பேருக்கு மரண தண்டனை. மற்ற இருவரும் விடுதலை. 2015 இல் கல் எடுத்த கை ஒன்பது பேரையும் ஒன்றாகத்தான் பார்த்தது. அந்த இருவரையும் ஏழு பேரில் இருந்து பிரித்து எடுப்பதற்குத்தான் விசாரணை என்று ஒன்று இருக்கிறது.

அதே வருடம் கொட்டதெனியாவையில் ஒரு சிறுமியின் கொலை. முதலில் ஒரு பாடசாலை மாணவனைப் பிடித்தார்கள். பிறகு இன்னொருவரை, அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டார் என்றுகூடப் பத்திரிகைகளில் வந்தது. மரபணுப் பரிசோதனை இருவரையும் விடுவித்தது. 2016 இல் தண்டனை பெற்றவர் வேறு ஆள். "ஒத்துக்கொண்டார்" என்ற செய்தியை நான் ஏன் அப்படியே நம்பிவிடமாட்டேன் என்பதற்கு இது ஒன்று போதும்.

ஒத்துக்கொள்வது பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அது என் தொழிலைத் தொடுகிற விஷயம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆவது பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1895 இலேயே அப்படி எழுதிவைத்தார்கள். பொலிஸ் கூட்டில் என்னென்ன நடக்கும் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்று அந்தக் கதவைத் திறந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அந்தச் சட்டத்தில் மாட்டிய சிங்கராசா என்பவரின் வழக்கை மட்டும் சொல்கிறேன். தமிழில் கேட்டு, சிங்களத்தில் எழுதி, விரல் அடையாளம் வாங்கிய ஒப்புதல். மொழிபெயர்த்தவரும் விசாரித்த பொலிஸ் தரப்பைச் சேர்ந்தவரே, வெளியாள் இல்லை. 2004 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அது நியாயமான விசாரணை அல்ல என்றது. 2006 இல் எங்கள் உயர் நீதிமன்றம் அந்தக் குழுவின் கருத்துக்கு இங்கே வலுக் கொடுக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பை வாசித்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மொழிபெயர்க்கிறவன் யார் பக்கத்தில் நிற்கிறான் என்பதில் ஒரு மனிதனின் முழு ஆயுளும் தொங்கியிருக்கிறது.

சட்டத்தரணி எழுந்து நின்றால் கள்ளன் எல்லாம் தப்பிவிடுவான் என்றும் நினைக்க வேண்டாம். கிராண்ட்பாஸ் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவரின் வழக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரவு கடை பூட்டுகிற நேரம். கடன் கேட்டுக் கிடைக்காத ஒருவன் கத்தியோடு உள்ளே பாய்ந்தான். கடைக்காரர் அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையால் அவன் கையில் ஒரு போடு போட்டார். கத்தி விழுந்தது. அவன் திரும்பி ஓட வெளிக்கிட்டான். கடைக்காரர் பின்னாலே போய்ப் பிடரியில் இன்னொரு போடு.

தனியாள் தற்காப்பு பற்றித் தண்டனைச் சட்டக்கோவையில் 89 இல் இருந்து 99 வரை பதினொரு பிரிவு இருக்கிறது. உயிருக்கோ பாரதூரமான காயத்துக்கோ அஞ்ச நியாயம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, ஆபத்து நீங்கினால் உரிமையும் நீங்கிவிடும். சட்டத்தரணி மூச்சைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் இரண்டு காயம்: ஒன்று முன்னங்கையில், மற்றது தலையின் பின்பக்கம். அந்தப் பின்பக்கத்தை எந்தக் குறுக்கு விசாரணையாலும் முன்பக்கம் ஆக்க முடியவில்லை. நீதவான் கேட்டார்: "முதல் அடி தற்காப்பு, சரி. இரண்டாவது அடி என்ன?" நான் தமிழில் கேட்டேன். கடைக்காரர் நேர்மையான மனுசன். "கோபம் ஐயா" என்றார். தண்டனை கிடைத்தது. ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, அந்த முதல் அடியை நீதவான் கணக்கில் எடுத்துக்கொண்டதால்தான் அவ்வளவோடு போயிற்று.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது அரச தரப்பின் வேலை. அந்தச் சுமை கடைசிவரை இடம் மாறாது. ஆனால் தற்காப்பு, சித்த சுவாதீனம் இல்லாமை போன்ற விதிவிலக்கை எதிரி சொன்னால், அதைக் காட்டும் பொறுப்பு சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆவது பிரிவின்படி எதிரியுடையது. அரச தரப்புக்கு உள்ள அளவு பாரம் இல்லை, "இப்படி நடந்திருப்பதற்குத்தான் சாத்தியம் கூட" என்று காட்டினால் போதும். இந்த அளவைச் சொன்ன 1942 இன் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கை எத்தனை தரம் உரைபெயர்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. கட்சிக்காரர்கள் அது இன்னொரு சாட்சியின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பொறுப்பைச் சட்டத்தரணி இல்லாத ஒருவன் எப்படித் தூக்குவான்? தனக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் தலைகீழாகத் தெரிந்துவைத்திருப்பார்கள். "குடிவெறியில செய்திட்டன் ஐயா" என்று சொல்லாத ஆள் குறைவு; அது தண்டனையைக் குறைக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பான். தானாகக் குடித்தவனுக்கு அது பெரும்பாலும் கைகொடுக்காது. தெரியாமல் ஊற்றிக்கொடுத்தால், அல்லது வலிந்து பருக்கினால் கதை வேறு. அதேபோல, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமே அல்ல. 2018 வரை அந்த எல்லை எட்டு வயதாக இருந்தது. எட்டரை வயதுப் பிள்ளைக்கு நான் உரைபெயர்த்திருக்கிறேன். கூண்டின் கம்பிக்கு மேலால் அதன் தலை தெரியவில்லை.

சட்டத்தரணிகளுக்கு நான் பூமாலை போடவில்லை. நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில், படிக்கட்டில் காலையில் ஆள் பிடிக்கிற தரகர்களை எனக்கு முகம் தெரியும். முகத்துவாரத்து அம்மா ஒருவர் தோட்டை அடகு வைத்து மூன்று தவணைக்குக் காசு கட்டினார். மூன்று தவணையும் சட்டத்தரணி வேறு நீதிமன்றத்தில் என்று அவருக்குக் கீழே வேலை செய்கிற ஒரு கனிஷ்டர் வந்து தேதி மட்டும் வாங்கிப் போனார். மகன் விளக்கமறியலில், வழக்கு முடியாமலே சிறையில். பகலுணவுக்கு முதல் வழக்கை முடித்துவிட, "ஒத்துக்கொள், சின்னக் குற்றப்பணம்தான்" என்று கட்சிக்காரனின் காதில் ஓதுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒத்துக்கொண்டது பொலிஸ் அறிக்கையில் ஏறிவிடும். மத்திய கிழக்குக்குப் போகப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கிற அன்றைக்குத்தான் அது பல்லைக் காட்டும். வெள்ளவத்தை வாசகரின் கோபம் இவர்கள் மேல் என்றால் நானும் கூட வருவேன்.

பிணையைப் பற்றி அவருக்கு ஒரு சொல். பிணை என்பது விடுதலை அல்ல. 1997 ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று வைத்திருக்கிறது. அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரை, குற்றவாளி என்று நிரூபிக்கப்படும்வரை சுற்றவாளி என்றே கொள்ள வேண்டும் என்கிறது. ஐயாவின் தாலிக்கொடியை அந்த ஆள் எடுத்திருக்கலாம். அதை அவர் சாட்சிக்கூண்டில் வந்து சொல்லட்டும். அவருக்கும் சட்டத்தரணி வைத்துக்கொள்ள உரிமை இருக்கிறது, பாதிக்கப்பட்ட தரப்பு என்ற முறையில்.

யாராவது வீட்டுப் பிள்ளை மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒழுங்கையில் என்னைக் கேட்பார்கள். ஏன் பிடித்தீர்கள் என்று கேட்க உரிமை உண்டு, அவர்கள் சொல்லவும் வேண்டும். பிடியாணை இல்லாமல் பிடித்தவரை, வழிப் பயண நேரம் தவிர்த்து, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கணக்கு வேறு. விளங்காத மொழியில் எழுதிய தாளில், வாசித்து விளங்கப்படுத்தும்வரை, கையெழுத்து வைக்காதீர்கள். காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978 இன் சட்டத்தின் கீழ் வந்தது, புதுக்கடையிலேயே அலுவலகம். மேல் நீதிமன்ற வழக்கில் சட்டத்தரணி வைக்க வழியில்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். நீதவான் நீதிமன்றத்தில்தான் பெரும்பாலும் ஆளில்லாமல் நிற்கிறார்கள். ஏழைகளின் வழக்குகள் முடிவதும் அங்கேதான்.

இனி, ஆசிரியரே, உங்களிடம் கேட்க வந்தது. பிடிபட்டவர் சந்தேகநபர். குற்றப்பத்திரம் வாசித்த பிறகு எதிரி. தீர்ப்பு வந்த பிறகுதான் குற்றவாளி. மூன்று சொல்லும் உங்கள் உதவி ஆசிரியர்களுக்குத் தெரியும். தலைப்பில் இடம் போதாது என்பார்கள். "கொள்ளையன் கைது" என்று போட்ட இடத்தில் "கொள்ளை: ஒருவர் கைது" என்று போட இரண்டு எழுத்துத்தான் கூடுதல். விடுதலையானால் அதையும் போடுங்கள், பிடிபட்ட செய்தி வந்த அதே பக்கத்தில்.

அந்த நாட்டாமைப் பொடியன் பிடிபட்ட அன்று ஒரு தமிழ்ப் பத்திரிகை, உங்களுடையது அல்ல, நாலு வரி போட்டது: "மிளகாய் திருடன் சிக்கினான்". பெயர், தோட்டத்தின் பெயர், எல்லாம். விடுதலையானபோது ஒரு வரியும் வரவில்லை. ஏழெட்டு வருடம் கழித்து ஆள் என் வீடு தேடி வந்தார். மீசை வைத்து, சட்டையை உள்ளே விட்டு, நல்லா இருந்தார். கல்யாணம் பேசியிருக்கிறார்கள். பெண்வீட்டில் யாரோ அந்த நாலு வரியை வெட்டி வைத்திருந்தவர்கள் எடுத்துக் காட்டிவிட்டார்களாம். தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அது சிங்களத்தில். தமிழில் வேண்டும் என்றார்.

மொழிபெயர்த்து, தட்டச்சு அடித்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். "எதிரி சுற்றவாளி எனக் காணப்பட்டு விடுதலை செய்யப்படுகிறார்." இரண்டு நாள் கழித்து ஆள் திரும்பவும் வந்து நின்றார், கையில் அதே தாள். பெண்ணின் தகப்பன் அதை வாசித்துவிட்டு, சுற்றவாளி என்ற சொல்லின் அடியில் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தார். ஓரத்தில் எழுதியிருந்தார்: "எழுத்துப் பிழை. குற்றவாளி என்று வர வேண்டும்."

நான் அந்தக் கோட்டுக்குக் கீழே என் கையால் "குற்றம் செய்யாதவர்" என்று எழுதி, பக்கத்தில் கையொப்பமும் திகதியும் வைத்துக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.